கேணியும் குருதியும்

கீரிமலையில் பிறந்தவனுக்கு உடம்பில் கடி என்றால் அதை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கும். தோல் வருத்தம் தீர வேண்டுமென்று எங்கெங்கிருந்தோ வரும் சனங்கள் மூழ்கி எழும் கேணி எங்கள் ஊரிலேயே இருக்கிறது. கீரி முகத்தோடிருந்த நகுல முனிவர் இங்கே நீராடி மனித முகம் பெற்றார் என்பதும், குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இந்த நீரால் அழகு பெற்று மாவிட்டபுரத்தில் கோயில் எழுப்பினாள் என்பதும் நாங்கள் பாலர் வகுப்பிலேயே கேட்ட கதைகள். அப்படிப்பட்ட கேணியில் குளித்துவிட்டு வந்து, துவாயால் துடைத்த கையோடு உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு நின்றவன் நான்.

அது 2021ஆம் ஆண்டின் கடைசியில் தொடங்கியது. குளித்து முடிந்து ஐந்து நிமிடம் ஆகாது, கைகளிலும் தொடையிலும் முதுகிலும் ஊசி குத்துவது போல ஏறும். அரை மணி, சில நாள் ஒரு மணி நேரம் நிற்கும். பிறகு தானாக அடங்கிவிடும். தடிப்பு இல்லை, புள்ளி இல்லை, நிறமாற்றம் இல்லை. பார்க்கிறவருக்குக் காட்ட உடம்பில் ஒன்றுமே இருக்காது. கேணி நீரில்தான் பிழையோ என்று வீட்டுக் கிணற்றில் குளித்துப் பார்த்தேன். அப்போதும் அதே கடி.

மனைவி சவர்க்காரத்தை மாற்றினாள். அம்மா வேப்பிலை அவித்த தண்ணீர் வார்த்தார். ஊரில் மூத்த மாமா ஒருவர், "நீ விசுவாசமாக முழுகவில்லைப் போல, இன்னும் ஒரு கிழமை விடாமல் முழுகு தம்பி" என்றார். தனியார் மருந்தகம் ஒன்றில் ஒவ்வாமைக்கு மாத்திரையும் பூசக் களிம்பும் தந்தார்கள். ஒன்றுக்கும் அது கேட்கவில்லை. கடைசியில் நான் கண்ட வைத்தியம், இரண்டு நாளைக்கு ஒரு தடவை குளிப்பது. காலையில் வரிசையில் நிறுத்திப் பிள்ளைகளின் நகத்தையும் தலையையும் பார்க்கிற வாத்தியார், தான் குளிக்காமல் பவுடர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன கதை இது.

அடுத்து வந்தது களைப்பு. 2022இல் நாடு இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியும். பெற்றோல் இல்லை. மோட்டார் சைக்கிளை மூலையில் நிறுத்திவிட்டுத் துவிச்சக்கரவண்டியில் பாடசாலைக்குப் போனேன். நாற்பத்து மூன்று வயதில் மறுபடி மிதிக்கத் தொடங்கினால் களைக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். தலை பாரமாக இருந்தது. காதுக்குள் ஓர் இரைச்சல். இரவில் விரல் நுனிகள் எரிந்தன. தலையிடிக்கு ஒரு டிஸ்பிரின் கரைத்துக் குடித்தால் விரல் எரிவும் தணிந்துவிடுவது ஆச்சரியமாக இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவன் களைத்துப் போனால் அதற்கு ஒரே ஒரு விளக்கம்தான் உண்டு: "உடம்பிலை இரத்தம் காணாது." இந்த விளக்கம் சும்மா வந்ததில்லை. 1990இல் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது எனக்குப் பதினொரு வயது. மல்லாகத்தில் முகாம் வாழ்க்கை. நிவாரண அரிசியும் பருப்பும், கிடைத்த நாட்களில் திரிபோஷாவும். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து "வெளிறிப்போய்க் கிடக்கு" என்று சொல்லும் தாதிமாரைப் பார்த்தே வளர்ந்தோம். இல்லாமையால் வரும் நோய்களைத்தான் நாங்கள் அறிந்திருந்தோம்.

ஆகவே வீட்டில் வைத்தியம் தொடங்கியது. முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, கிழமைக்கு ஒரு நாள் ஈரல், பேரீச்சம்பழம். அதோடு நானே பார்மசியில் வாங்கிய இரும்புச்சத்து மாத்திரை, மூன்று மாதம். யாரும் எழுதித் தரவில்லை. படித்தவன் என்ற துணிவில் நானே வாங்கினேன். இந்த மாதங்களில் என் முகம் சிவந்துகொண்டே வந்தது. சக ஆசிரியை ஒருவர், "மாஸ்டர் கனடாவுக்குப் போய் வந்த மாதிரி இருக்கிறார்" என்று பகிடி விட்டார். "இரத்தோட்டம் திரும்பியிட்டுது, கீரை வேலை செய்யுது" என்று மனைவிக்குச் சந்தோசம். அந்தச் சிவப்புத்தான் நோயின் முகம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

2022 நவம்பரில் ஒரு நாள் எட்டாம் வகுப்பில் விஞ்ஞான பாடம். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கையில் வலப்பக்க எழுத்துகள் இல்லாமல் போயின. நான் எழுதிய சொல்லின் முதற் பாதி தெரிகிறது, மறு பாதி நின்ற இடத்தில் கானல் போல ஏதோ மினுங்குகிறது. கதிரையில் இருந்துவிட்டேன். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு அமைதியானார்கள். ஒரு சிறுமி தன் போத்தலில் இருந்த தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். பத்து நிமிடத்தில் எழுத்து திரும்பி வந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் சொல்லவில்லை.

மாரி மழை ஓயும் வேளை, 2023 ஜனவரியில், எனக்குக் காய்ச்சல் வந்தது. அது டெங்குக் காலம். மூன்றாம் நாள் எஃப்.பி.சி. எடுத்தோம். இந்த மூன்றெழுத்தை இன்று எங்கள் நாட்டில் அறியாத வீடு இல்லை. முழுக் குருதி எண்ணிக்கை என்று தமிழில் சொல்லலாம். டெங்கு என்றால் குருதிச் சிறுதட்டுக்கள் குறையும். குருதியின் நீர்ப்பகுதி நாளங்களை விட்டுக் கசிந்தால் பி.சி.வி. ஏறும். பி.சி.வி. என்பது குருதியில் செங்குழியங்கள் எத்தனை வீதம் என்று காட்டும் அளவு. என் ரிப்போட்டில் பி.சி.வி. 58. ஆண்களுக்கு அது 49க்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். ஹீமோகுளோபின் 19.1. உடனே ஆசுபத்திரியில் மறித்துவிட்டார்கள். டெங்குக் கசிவு என்று பயந்து நாளத்தில் சேலைன் ஏற்றினார்கள்.

அந்த விடுதியில் கிழக்கிலிருந்து வந்த ஓர் இளம் பெண் டொக்டர் இருந்தார். இரவு கடமை. ரிப்போட்டை விளக்கடியில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். என் கண்ணைப் பார்த்தார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், வயிற்றின் இடப்பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"குளிச்ச புறகு உங்களுக்கு உடம்பு கடிக்குதா சேர்?"

ஒரு வருடத்துக்கு மேலாக நான் எவரிடமும் முறையாகச் சொல்ல முடியாமல் வைத்திருந்த ஒன்றை, என்னை முதன்முதல் காணும் ஒரு பிள்ளை கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஓம் டொக்டர், எப்பிடித் தெரியும்?" என்றேன். அவர் ரிப்போட்டில் விரலை வைத்துக் காட்டினார். "டெங்கு எண்டா தட்டு குறையணும். உங்களுக்கு ஆறு லட்சத்துப் பத்தாயிரம் இருக்கு. வெண்குழியமும் கூட. சேலைன் போட்ட புறகும் பி.சி.வி. இறங்கல்ல. மூணும் சேர்ந்து கூடியிருக்கு. இது வேறொண்டு சேர்."

காய்ச்சல் ஏதோ சாதாரண வைரஸ் காய்ச்சல், இரண்டு நாளில் விட்டுவிட்டது. ஆனால் அது எனக்குச் செய்த உபகாரம் பெரிது. என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

நோயைத் தேடிப் பிடிக்கும் முறை ஒரு நல்ல ஆசிரியர் விடைத்தாள் திருத்துவது போல இருந்தது. குருதி தடித்திருப்பது உண்மையா, தோற்றமா என்பது முதற் கேள்வி. உடம்பில் நீர் குறைந்தாலும் பி.சி.வி. கூடியதாகத் தெரியும். நன்றாக நீர் கொடுத்து மறுபடி அளந்தார்கள். அப்போதும் 57. எனவே உண்மைதான். அடுத்த கேள்வி, உடம்பு ஒரு தேவைக்காக இப்படிச் செய்கிறதா என்பது. ஒட்சிசன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொயெற்றின் என்ற ஓமோனைச் சுரந்து, "செங்குழியம் கூட வேண்டும்" என்று என்பு மச்சைக்குச் சொல்லியனுப்பும். உயர்ந்த மலைகளில் வாழ்வோருக்கும் நீண்டகாலம் புகைப்போருக்கும் நுரையீரல் நோயுள்ளோருக்கும் நித்திரையில் மூச்சுத் தடைப்படுவோருக்கும் இவ்வாறு நேரும். சில சிறுநீரகக் கட்டிகளாலும் நேரலாம். "சிகரெட் பத்துவீங்களா? குறட்டை விடுவீங்களா?" என்றெல்லாம் கேட்டார்கள். விரலில் கிளிப் மாட்டி ஒட்சிசன் பார்த்தார்கள், 98 வீதம். ஸ்கானில் சிறுநீரகம் சுகம், மண்ணீரல் மட்டும் சற்று வீங்கியிருந்தது.

பிறகு அந்த ஓமோனையே அளந்தார்கள். அது வழமையிலும் குறைவு. இதன் பொருள், குருதி போதும் போதும் என்று சிறுநீரகம் வாயை மூடிக்கொண்டுவிட்டது, கேட்பாரில்லாமலே மச்சை உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது என்பதுதான். அடுத்து இடுப்பெலும்பில் ஊசி ஏற்றி மச்சையில் சிறு துண்டெடுத்தார்கள். விறைப்பூசி போட்ட பிறகும் உள்ளிருந்து எதையோ உருவுவது போல ஒரு கணம் வலித்தது. கடைசியாகக் குருதி மாதிரி ஒன்று கொழும்புக்குப் போனது. ஜாக்-2 என்ற பரம்பரை அலகைப் பார்ப்பதற்கு.

முடிவு வர எடுத்த வாரங்களில் நான் வாசித்தேன். இந்த நோயை 1892இல் பிரான்சில் லூயி ஆன்றி வாக்கே என்ற மருத்துவர் முதன்முதல் விபரித்தார். 1903இல் வில்லியம் ஒஸ்லர் இதைத் தனியொரு நோயாக நிலைநாட்டினார். நூறு வருடத்துக்கு மேலாகக் காரணம் தெரியாமலே வைத்தியம் நடந்தது. 2005இல்தான் பாரிஸ், கேம்பிரிட்ஜ், பாசெல், பொஸ்ரன் ஆகிய இடங்களில் இருந்த ஆய்வாளர் குழுக்கள் ஏறக்குறைய ஒரே வேளையில் ஒரே இடத்தில் விரல் வைத்தன. ஜாக்-2 பரம்பரை அலகில் ஒரேயோர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் அதன் புரதத்தில் 617ஆம் இடத்தில் வலின் இருக்க வேண்டியதற்குப் பதிலாக பினைல் அலனின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஓமோன் வந்து தட்டும்போது மட்டும் திறக்க வேண்டிய கதவு, இந்த ஓர் எழுத்துப் பிழையால் எப்போதும் திறந்தே கிடக்கிறது. பொலிசைதீமியா வேரா என்று பெயரிடப்பட்ட இந்த நோயுள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரளவில் இந்தப் பிழை இருக்கிறது.

என் முடிவும் அவ்வாறே வந்தது. பெரிய டொக்டர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். இது மெதுவாகச் செல்லும் ஒருவகை இரத்தப் புற்றுநோய். குணமாக்கிவிட முடியாது, ஆனால் கட்டி வைக்கலாம். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல வருடங்கள் வேலை செய்து வாழலாம். பார்க்காமல் விட்டால் தடித்த குருதி மூளையிலோ நெஞ்சிலோ வயிற்று நாளத்திலோ உறைந்துவிடும். கரும்பலகையில் எழுத்து மறைந்த கதையை அப்போதுதான் சொன்னேன். "அது எச்சரிக்கை மாஸ்டர். சிலருக்கு அந்த எச்சரிக்கைகூட வராது" என்றார். இரும்பு மாத்திரைக் கதையையும் சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பொங்கிக்கொண்டிருக்கும் உலைக்கு நான் மூன்று மாதம் விறகு தள்ளியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான். "தம்பி, இது என்னாலை வந்ததோ? பிள்ளையளுக்கும் வருமோ?" புத்தகத்தில் வாசித்ததையும் டொக்டர் சொன்னதையும் சேர்த்து விளங்கப்படுத்தினேன். பரம்பரை அலகில் பிழை என்றாலும், சாதாரணமாக இது தாய் தகப்பனிடமிருந்து வருவதில்லை. பிறந்த பிறகு, மச்சையின் ஒரேயொரு கலத்தில் எப்போதோ நேர்ந்து, அந்தக் கலம் பெருகியதால் வந்தது. அம்மா தலையாட்டினார். அன்றிரவு என் மகள் தன் விஞ்ஞானக் கொப்பியை எடுத்து வந்து, செங்குழியம் பற்றிய படத்தைக் காட்டி, "அப்பா, இதுதானோ கூடிப்போச்சு?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "கூடினா நல்லதெல்லோ?" என்றாள். நாற்பது வயது தாண்டிய நானும் அதைத்தானே நம்பியிருந்தேன்.

வைத்தியம் என்ன தெரியுமா? குருதியைக் குத்தி எடுப்பது. முதலில் வாரம் ஒருமுறை, பிறகு இடைவெளி விட்டு, ஒரு தடவைக்கு 450 மில்லிலீற்றர் வரை. கூடவே தினம் 75 மில்லிகிராம் அஸ்பிரின். அறுபது வயது தாண்டியவருக்கும் ஏற்கெனவே குருதி உறைந்தவருக்கும் ஹைட்ரொக்சியூரியா போன்ற மருந்து சேர்ப்பார்கள். எனக்கு இப்போதைக்கு அது வேண்டாம் என்றார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு நினைவு வந்தவர் ஒருவர். ஆசிரிய கலாசாலையில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர். யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்து, 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்தவர். நான் ஊரிழந்த அதே ஆண்டில் அவரும் ஊரிழந்தார். ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கலாசாலை இரவுகளில் அவர் சொல்லக் கேட்டுத்தான் அறிந்தேன். என்னைப் போல அவர் ஷெல்லுக்குப் பயந்து ஓடியவர் இல்லை. போகச் சொல்லி அனுப்பப்பட்டவர். நான் ஈரலோடு தின்ற பேரீச்சம்பழங்கூட அவர் நோன்பு மாதத்தில் அனுப்பியதுதான்.

தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மச்சான், இரத்தம் குத்தி எடுக்கிறது எங்கட ஆக்களுக்குப் புதுசில்லை, ஹிஜாமா தெரியும்தானே" என்றார். இப்னு சீனா ஆயிரம் வருடத்துக்கு முன் எழுதிய கானூனில் நாளத்தைத் திறந்து குருதி எடுப்பது பற்றி விரிவாக இருக்கிறது என்பதையும், யூனானியில் அதற்கு ஃபஸ்த் என்று பெயர் என்பதையும் அவர்தான் சொன்னார். எனக்கு ஆசை பிறந்தது. "அப்ப நான் அங்க வந்து ஹிஜாமாவே செய்யலாமே, மாசா மாசம் பெரியாஸ்பத்திரி வரிசையிலை நிக்கத் தேவையில்லையே" என்றேன்.

அவர் தடுத்தார். "இல்லை மச்சான். கிண்ணம் வைச்சு எடுக்கிறது தோலில கசியிற கொஞ்ச இரத்தம். உனக்குத் தேவை வேற. எடுக்கிறதுக்கு முன்னம் எவ்வளவு இருந்தது, எடுத்த பிறகு எவ்வளவு எண்டு அளந்து பார்க்கவேணும். அளக்காம எடுத்தா அது உனக்கு மருந்தில்லை. நீ கிளினிக்குக்குப் போ." தன் மரபின் மீது அவருக்கிருந்த மதிப்பு குறையாமலே, அதன் எல்லையையும் அவர் எனக்குச் சொன்னார். அந்த நேர்மையை நான் மறக்கமாட்டேன். இந்தக் கட்டுரையை இங்கே எழுதச் சொன்னவரும் அவரே.

அளவு என்று அவர் சொன்னதன் பெறுமதியைப் பின்னர் விளங்கிக்கொண்டேன். 2013இல் இத்தாலியில் 365 நோயாளரை வைத்து நடத்திய ஓர் ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஒரு பகுதியினருக்குச் செங்குழிய வீதத்தை 45க்குக் கீழே வைத்தார்கள், மறு பகுதியினருக்கு 45க்கும் 50க்கும் இடையே. பார்வைக்குச் சின்ன வித்தியாசம். ஆனால் இரண்டாம் பகுதியினரில் இருதய, குருதிக்குழாய் மரணமும் பெரிய குருதியுறைவும் ஏறத்தாழ நான்கு மடங்கு. அதற்கு முன், 2004இல், 518 பேரைக் கொண்ட இன்னோர் ஆய்வு சிறிய அளவு அஸ்பிரினின் பயனைக் காட்டியிருந்தது. டிஸ்பிரின் குடித்ததும் என் விரல் எரிவு ஏன் தணிந்தது என்பதும் விளங்கியது. கரைத்துக் குடித்ததும் அஸ்பிரின்தான். உடம்பு எனக்கு விடையைச் சொல்லியிருக்கிறது, நான் கேள்வியை எழுதவில்லை.

முதல் நாள் குருதி எடுத்தது நினைவிருக்கிறது. கறுப்புச் சிவப்பாக, தேன் போல மெதுவாக இறங்கியது. பையைக் கட்டி முடித்ததும் தாதி அதைக் கழிவுப் பெட்டிப் பக்கமாகக் கொண்டுபோனார். "தங்கச்சி, நான் ஓ பொசிற்றிவ். யாருக்காவது குடுக்கலாமே" என்றேன். "இந்த வருத்தக்காரற்றை இரத்தம் மற்ற ஆக்களுக்கு ஏத்திறதில்லை ஐயா" என்றார். போர்க்காலத்தில் ஒலிபெருக்கியில் இரத்தம் வேண்டுமென்று அறிவிப்பார்கள். இளவயதில் அதைக் கேட்டு ஓடிப்போய்க் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஒரு பையின் அருமை தெரிந்தவன். அதை வீசக் கண்டபோது குத்திய இடத்தைவிட நெஞ்சு வலித்தது. பையைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க எனக்கு ஆறு தடவை தேவைப்பட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இப்படி எடுக்க எடுக்க உடம்பில் இரும்புச்சத்து இல்லாமல் போகும். அதை நிரப்பக்கூடாது. நிரப்பினால் மச்சை மறுபடி வேகமெடுக்கும். ஆகவே இன்று என் உடம்பில் உண்மையாகவே இரும்பு காணாது. மனைவி கீரையை நிறுத்தவில்லை, அது சாப்பாடு, தடையில்லை என்று டொக்டரும் சொல்லிவிட்டார். மாத்திரை மட்டும் வீட்டுக்குள் வரக்கூடாது. சின்ன வயதில் இல்லாமையிலிருந்து தப்பப் பாடுபட்டவன், இப்போது அளந்து பார்த்த ஓர் இல்லாமையில் உயிரை வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. கிளினிக்குக்குப் பழைய ரிப்போட்டுகள் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்கள். அலுமாரியைக் கிளறினேன். 2019இன் எஃப்.பி.சி. ஒன்று அகப்பட்டது. அந்த வருடமும் நாட்டில் டெங்கு கடுமை, எனக்கும் காய்ச்சல் வந்து பார்த்தது. சிறுதட்டுக்களின் எண்ணிக்கையைச் சிவப்புப் பேனையால் யாரோ வட்டமிட்டிருந்தார்கள்: 3,90,000. "தட்டு நல்லாயிருக்கு, பயமில்லை" என்று சொல்லி அனுப்பியது ஞாபகம் வந்தது. நானும் அந்த வட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக மடித்து வைத்திருக்கிறேன். அதற்கு மேலே நாலாவது வரியில், வட்டமில்லாமல், பி.சி.வி. 51 என்று இருந்தது.

யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அன்று தேடியது டெங்கை. டெங்கு இல்லை என்பதே விடையாகப் போதுமாக இருந்தது. அந்தத் தாள் நாலு வருடம் என் சட்டைகளுக்கு அடியில் கிடந்தது. செங்குழியத்தைப் பற்றி வருடா வருடம் பாடம் எடுக்கிற நான், ஒரு தடவை விரித்து எல்லா வரிகளையும் வாசித்திருக்கலாம். பிள்ளைகளிடம் நான் ஓயாமல் சொல்வது, "வினாத்தாளை முழுக்க வாசியுங்கோ, தெரிஞ்ச கேள்வியோடை நிக்காதேங்கோ" என்பதுதான்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஒரு தாள் இருக்கும். டெங்குக்காக எடுத்து, தட்டைப் பார்த்துவிட்டு மடித்து வைத்தது. எடுத்து ஒரு தடவை மற்ற வரிகளையும் பாருங்கள். கூடிய இலக்கம் எல்லாம் நோயென்று பயப்படத் தேவையில்லை, பெரும்பாலும் நீர் குறைவாகவே இருக்கும். ஆனால் திரும்பவும் அளந்து அதே இலக்கம் வந்தால் கேட்காமல் விடாதீர்கள். களைத்தவருக்கெல்லாம் இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுக்க முன் ஒரு சொட்டுக் குருதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

போன ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குப் பிதிர்க்கடன் செய்யக் கேணியடிக்குப் போனேன். பி.சி.வி. அப்போது 44. கடல் பக்கத்தில் உப்பில்லாத நீர் ஊறுவது சிறுவயதில் எனக்குப் பெரிய அதிசயம். நிலத்தடிச் சுண்ணக்கல்லுக்குள் வடிந்த மழைநீர் கடலோரத்தில் வெளிப்படுகிறது என்று இப்போது பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். அதிசயம் அதனால் குறையவில்லை. மூன்று தரம் முழுகி எழுந்தேன். படியேறி வர வழமை போலக் கைகளில் கடி ஏறியது. குருதி இறங்கினாலும் சிலருக்குக் கடி முற்றாகப் போவதில்லை என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பழைய மாமா படியில் இருந்தார். "இன்னும் கடிக்குதோ தம்பி?" என்றார்.

"ஓம் மாமா, கடிக்குது" என்று சத்தமாகவே சொன்னேன்.